நியூயார்க் பணக்காரருக்கு ஏன் இவ்வளவு அழுத்தமான 'ர்'?

ஹியூ லாரியும் ஸ்டீபன் ஃப்ரையும் நடித்த 'ஜீவ்ஸ் அண்ட் வூஸ்டர்' தொடரை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. பிரிட்டனின் ஐடிவியில் 1990இலிருந்து 1993 வரை நான்கு சீசன், மொத்தம் 23 எபிசோட். பி.ஜி. வோட்ஹவுஸின் நகைச்சுவைக் கதைகள்தான் மூலம்: 1920, 30களின் பணக்கார ஆங்கிலேய இளைஞன் பெர்ட்டி வூஸ்டராக லாரி, அவனுடைய புத்திசாலிப் பணியாளன் ஜீவ்ஸாக ஃப்ரை. முதல் தடவை சப்டைட்டிலோடு பார்த்தேன், அடுத்த தடவை அதை அணைத்துவிட்டுக் காதை மட்டும் நம்பிப் பார்த்தேன், அப்போதுதான் மூன்றாவது சீசனில் ஏதோ இடறியது. 1992இல் வந்த அந்த சீசன் நியூயார்க்கில் தொடங்குகிறது. பெர்ட்டி வூஸ்டர் அதே பெர்ட்டிதான், ஜீவ்ஸ் அதே ஜீவ்ஸ்தான், ஆனால் சுற்றியிருக்கும் அமெரிக்கர்களில் பலர் வாயைத் திறந்ததும் ஒரு விறைப்பு தெரிகிறது. 'ர்' வரும் இடமெல்லாம் நாக்கைப் பின்னால் சுருட்டி அழுத்துகிறார்கள், பேச்சு வேகம் பிடித்ததும் அது நழுவிவிடுகிறது, உடனே நினைவு வந்து மறுபடி அழுத்துகிறார்கள். தொடரை உயிராக நேசிக்கிறவர்கள்கூட இந்த நியூயார்க் எபிசோட்களைப் பற்றிப் பேச்சு வந்தால் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள்.

அந்தக் குறை நியாயமானதுதான். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் எனக்குப் போதவில்லை. "பிரிட்டிஷ் நடிகர்களுக்கு அமெரிக்க ஆக்சென்ட் வரவில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவர்கள் அந்த ஆக்சென்ட்டைத் துளி பிசகாமல் பேசியிருந்தாலும் தப்பாகத்தான் இருந்திருக்கும், ஏனென்றால் 1920, 30களில் நியூயார்க் பணக்காரர்கள் அப்படிப் பேசவே இல்லை.

இதைப் புரிந்துகொள்ள 'ர்' என்ற ஒரே ஒலியைப் பிடித்துக்கொண்டால் போதும். தென் இங்கிலாந்தின் ஆங்கிலத்தில், பின்னால் உயிரொலி வந்தால்தான் 'ர்' ஒலிக்கும். சொல்லின் கடைசியிலோ இன்னொரு மெய்யொலிக்கு முன்னாலோ வந்தால் காணாமல் போய்விடும், போகும்போது முன்னாலிருக்கும் உயிரை நீட்டிவிட்டுப் போகும். கார் என்பது 'கா', பார்க் என்பது 'பாக்'. நம் காதுக்கு இது விசித்திரமாக இருக்கும், ஏனென்றால் நமக்கு ஆங்கிலம் பெரும்பாலும் புத்தகம் வழியாக வந்தது. டாக்டர், கலெக்டர், போஸ்ட்மாஸ்டர் என்று எழுத்தில் இருந்த 'ர்' அத்தனையையும் நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம். அந்தக் கலெக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த லண்டன்காரர் தன் பதவியின் பெயரைக் 'கலெக்டா' என்றுதான் சொல்லியிருப்பார்.

சரி, அந்த லண்டன்காரர் அமெரிக்கராக நடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'ர்' சேர்த்துக்கொண்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் எங்கே சேர்ப்பது? அவர் காதில் 'ஸ்பா' என்ற சொல்லும் 'ஃபார்' என்ற சொல்லும் ஒரே மாதிரிதான் முடிகின்றன. எதில் 'ர்' உண்டு, எதில் இல்லை என்று காது சொல்லாது, எழுத்துக்கூட்டி நினைத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்தக் குழப்பம் அவருடைய சொந்தப் பேச்சிலேயே இருக்கிறது: 'லா அண்ட் ஆர்டர்' என்பதைப் பல ஆங்கிலேயர்கள் 'லோரண்ட் ஓடா' என்று, இல்லாத ஒரு 'ர்'ரை நடுவில் நுழைத்துத்தான் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்க வேஷம் போட்டால் 'ஐடியா' கூட 'ஐடியர்' ஆகிவிடும். வசனத்தை மெதுவாகச் சொல்லும்போது தப்பு வராது. நகைச்சுவையில் வசனம் வேகமாகப் போக வேண்டும், அங்கேதான் கால் வழுக்கும்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். அமெரிக்க நடிகர் ஆங்கிலேயராக நடிக்கும்போது 'ர்'ரை விட்டுவிடுவது அவ்வளவு கடினமில்லை. சொந்தப் பேச்சில் 'வாடர்' போல மெலிந்து ஒலிக்கும் வாட்டரின் 'ட்'தான் பாடாய்ப் படுத்தும். அதை மறைக்கிறேன் என்று ஒவ்வொரு 'ட்'டையும் சுத்தியலால் அடித்ததுபோல் சொல்ல ஆரம்பித்தால், எந்த ஆங்கிலேயரும் பேசாத ஓர் ஆங்கிலம் வந்துவிடும்.

தயாரிப்புத் தரப்பிலும் காரணங்கள் இருந்தன. தொடரின் நியூயார்க் பெரும்பாலும் இங்கிலாந்திலேயே படமானது. பிரிட்டிஷ் டிவிக்கு அமெரிக்கப் பாத்திரம் தேவைப்பட்டால் லண்டனில் குடியேறியிருந்த ஒரு சிறு நடிகர் கூட்டம்தான் கைகொடுக்கும்: மேனிங் ரெட்வுட், எட் பிஷப் போன்ற அமெரிக்கர்கள், ஷேன் ரிம்மர் போன்ற கனடாக்காரர்கள். இரண்டாவது சீசனில் பெர்ட்டியை மிரட்டும் கோடீஸ்வரர் ஸ்டோக்கராக வருபவர் இந்த மேனிங் ரெட்வுட்தான், அங்கே காது எதிலும் தடுக்குவதில்லை. ஒரு பாத்திரம் என்றால் சமாளித்துவிடலாம், ஊரே அமெரிக்கா என்றால் அத்தனை பேருக்கு எங்கே போவது?

கதையை நியூயார்க்குக்குக் கொண்டுபோனது தொடர் எடுத்தவர்களின் விபரீத ஆசை என்று சிலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. ஜீவ்ஸ் முதல்முதலாகத் தலைகாட்டிய 1915ஆம் ஆண்டுச் சிறுகதையே நியூயார்க்கில் நடப்பதுதான். உறவுக்காரப் பையன் மேடைப் பாடகி ஒருத்தியைக் கட்டிக்கொள்ளாமல் தடுக்க அகதா அத்தை பெர்ட்டியை அங்கே அனுப்புகிறாள். அது முதலில் அச்சானதும் ஓர் அமெரிக்க வாரப் பத்திரிகையில். இங்கிலாந்தில் பிறந்த வோட்ஹவுஸ் 1955இல் அமெரிக்கக் குடிமகனாகி, 1975இல் லாங் ஐலண்டில் காலமானவர். இரண்டு கரைக் காதுகளுக்கும் சேர்த்தே எழுதிய மனிதர் அவர். அதனால் அட்லாண்டிக் கடலைத் தாண்டியதில் தப்பில்லை, தாண்டிப் போய் எந்த அமெரிக்காவில் இறங்கினார்கள் என்பதில்தான் என் கேள்வி இருக்கிறது.

அந்தக் காலத்து நியூயார்க்கில், பாஸ்டனில், கிழக்குக் கரையின் பழைய பணக்காரக் குடும்பங்களில், 'ர்' ஆங்கிலேயர்களிடம் மறைந்தது போலவே மறைந்திருந்தது. சந்தேகம் இருந்தால் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933 மார்ச் 4ஆம் தேதி அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது பேசிய பதிவைக் கேட்டுப் பாருங்கள். பயத்தைத் தவிர பயப்பட வேறொன்றும் இல்லை என்று சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வரியில், பயத்தைக் குறிக்கும் 'ஃபியர்' என்ற சொல்லை அவர் 'ஃபியா' என்கிறார். நியூயார்க் மாநிலத்தின் பழைய பணக்காரக் குடும்பத்தில் 1882இல் பிறந்தவர், பெர்ட்டி நியூயார்க்கில் சந்திக்கக்கூடிய மாமா வயதுக்காரர்களின் தலைமுறை. கதையில் வரும் பணக்காரத் தந்தைகள் பேசியிருக்க வேண்டிய ஆங்கிலம் இதுதான்.

ஹாலிவுட்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கேட்கும் அந்தப் பாதி பிரிட்டிஷ் பேச்சு நடிப்புப் பள்ளிகளில் செயற்கையாகத் தயாரானது என்று இணையத்தில் அடிக்கடி படிக்கிறேன். அது பாதி உண்மைதான். வில்லியம் டில்லி என்ற ஆஸ்திரேலிய ஒலியியல் ஆசிரியர் 1918இலிருந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு 'உலக ஆங்கிலம்' கற்பித்தார், அவர் வழி வந்த ஈடித் ஸ்கின்னர் 1942இல் நடிகர்களுக்கான பேச்சுப் பாடநூலை வெளியிட்டு, பின்னாளில் ஜூலியார்ட் நடிப்புப் பள்ளிவரை அதைக் கொண்டுபோனார். ஆனால் ரூஸ்வெல்ட் எந்த நடிப்புப் பள்ளிக்கும் போனவர் இல்லை. மேடைக்காரர்கள் ஒழுங்குபடுத்தியது, ஏற்கெனவே மேல்தட்டு வீடுகளில் புழங்கிக்கொண்டிருந்த ஒரு பேச்சைத்தான்.

ஏழைகளிடமும் 'ர்' கிடையாது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ப்ரூக்ளின் தொழிலாளி முப்பத்துமூன்றாம் தெருவைத் 'தொய்டி தொய்ட் ஸ்ட்ரீட்' என்பார். மாளிகையில் ஒரு விதமாகவும் துறைமுகத்தில் வேறு விதமாகவும், ஆனால் இரண்டு இடத்திலும் 'ர்' இல்லாத ஊர் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் காற்று திரும்பியது. 'ர்' சொல்வது படித்தவர்களின் அடையாளம் என்று ஆனது. அந்த மாற்றத்தைக் கையும் களவுமாகப் பிடித்தவர் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர். 1962இல் அவர் மன்ஹாட்டனின் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார்: பணக்காரர்களின் சாக்ஸ், நடுத்தர வர்க்கத்தின் மேசீஸ், மலிவு விலைக் க்ளைன். நான்காவது மாடியில் என்ன சரக்கு இருக்கிறது என்று முன்பே தெரிந்துகொண்டு, ஊழியரிடம் போய் அந்தச் சரக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். "ஃபோர்த் ஃப்ளோர்" என்று பதில் வரும். காது கேட்காதவர் போலச் சற்றுக் குனிந்து மறுபடி கேட்பார், இந்த முறை ஊழியர் அழுத்திச் சொல்வார். பிறகு நகர்ந்து போய்க் குறிப்பெடுத்துக்கொள்வார். இப்படி 264 பேர். சாக்ஸில் 62 சதவீதம் பேர் ஒரு தடவையாவது 'ர்' சொன்னார்கள், மேசீஸில் 51, க்ளைனில் 21. போருக்கு முந்தைய பணக்காரத் தாத்தா விட்டுவிட்ட ஒலி, பேரன் காலத்துப் பணக்காரக் கடையில் மரியாதையின் அடையாளமாகிவிட்டது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மறுபடி அந்த எபிசோட்களைப் பாருங்கள். நடிகர் சிரமப்பட்டு நாக்கைச் சுருட்டிச் சொல்லும் அந்த 'ர்', அவருக்கே இயல்பாக வந்திருக்கக்கூடிய 'ர்' இல்லாத பேச்சைவிடக் காலத்துக்குப் பொருந்தாதது. அவர் வாயை அதன் போக்கில் விட்டு, உயிரொலிகளை மட்டும் கொஞ்சம் மாற்றியிருந்தால் 1920களின் ஐந்தாவது அவென்யூவுக்கு இன்னும் நெருக்கமாக வந்திருப்பார்.

ஆனால் தொடர் எடுத்தவர்கள் அப்படிச் செய்திருக்க முடியுமா? 1992இல் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தவர்கள், 'ர்' இல்லாமல் பேசும் கோடீஸ்வரரை இன்னொரு ஆங்கிலேயர் என்றே நினைத்திருப்பார்கள். பெர்ட்டி அந்நிய மண்ணில் திண்டாடுகிறான் என்பதுதான் அங்கே நகைச்சுவை. எதிரில் இருப்பவரும் ஏறக்குறைய பெர்ட்டி மாதிரியே பேசினால் அந்த மண் எங்கே அந்நியமாகும்? பார்க்கிறவருக்கு முதல் வார்த்தையிலேயே, யார் எந்த ஊர், யார் எந்த வர்க்கம் என்று தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் இரண்டாவது வார்த்தையில் ஜோக் வந்துவிடும். வரலாற்று நாடகத்துக்கு இந்த அவசரம் கிடையாது.

இந்த அளவுகோலைப் பெர்ட்டிக்கே வைத்துப் பார்த்தாலும் இதே விடைதான். லாரி ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர், அந்த ஆங்கிலம் அவருக்குச் சொந்தம். ஆனால் 1920களின் உண்மையான மேல்தட்டு இளைஞன் 'ஆஃப்' என்பதை 'ஓஃப்' என்பான், 'லாஸ்ட்' என்பதை 'லோஸ்ட்' என்று இழுப்பான், 'மேன்' என்பது 'மென்' என்று காதில் விழும், 'ஹன்டிங், ஷூட்டிங்' என்பதை ஈறு தேய்த்து 'ஹன்டின், ஷூட்டின்' என்பான். நூற்றுக்கு நூறு அப்படியே பேசினால் இன்றைக்குக் கேலி மாதிரி ஆகிவிடும். பழைய ஒலி அவ்வளவு தூரம் போய்விட்டது. இரண்டாம் எலிசபெத் ராணியின் கிறிஸ்துமஸ் உரைகளை 1950களிலிருந்து 1980கள்வரை ஒப்பிட்டு, அவருடைய உயிரொலிகளே சாதாரணத் தென் இங்கிலாந்துப் பேச்சை நோக்கி நகர்ந்திருப்பதை 2000ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு காட்டியது. ராணியின் பேச்சே மாறிவிட்ட நாட்டில் பெர்ட்டியிடம் 1925இன் உயிரொலியைக் கேட்பது நியாயமில்லை. லாரி செய்தது வேறொன்று, அதை நான் பெரிய சாதனை என்றே சொல்வேன். அந்தக் காலத்து ஒலிகளில் நான்கைந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வேகத்தையும் தாளத்தையும் மட்டும் முழுசாக அந்தக் காலத்திலிருந்து கொண்டுவந்தார்.

ஃப்ரையின் ஜீவ்ஸ் இன்னும் நுட்பம். எஜமானன் எழுத்தை விழுங்கலாம், சொல்லைத் தேய்க்கலாம், அவனை யார் கேட்பது? பணியாளன் அப்படிப் பேச முடியாது. அவன் பேச்சு பிறப்பால் வந்ததில்லை, கற்றுக்கொண்டது, அதனால் எஜமானன் பேச்சைவிடச் சுத்தமாக இருக்கும். ஃப்ரை 'இன்டீட் சார்' என்று சொல்லும்போது, 'இன்டீட்'டின் கடைசி 'ட்'வரை முழுசாக வந்து சேரும், கடிதத்தின் கீழே இட்ட கையெழுத்து மாதிரி. அதே அறையில் பெர்ட்டி ஒரே மூச்சில் மூன்று வாக்கியத்தைக் கலந்து கொட்டிக்கொண்டிருப்பான். யார் புத்திசாலி என்று வசனம் சொல்வதற்கு முன்பே இரண்டு பேரின் உச்சரிப்பும் சொல்லிவிடும்.

இதே இரண்டு நடிகர்களும் வரும் இன்னொரு நகைச்சுவைத் தொடரான 'பிளாக்ஆடர்', காலப் பொருத்தத்தைப் பற்றிக் கவலையே படுவதில்லை. அதன் இரண்டாவது சீசன், 1986, முதலாம் எலிசபெத்தின் அரசவை. அந்தக் காலத்து லண்டனில் 'ர்' ஒலித்தது; 2004இல் லண்டன் குளோப் அரங்கில் மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டல் உதவியோடு ஷேக்ஸ்பியர் நாடகமொன்றைப் பழைய உச்சரிப்பில் போட்டபோது 'ர்' எல்லாம் திரும்பி வந்திருந்தது. லண்டனில் அது தேய ஆரம்பித்ததை 1791இல் ஜான் வாக்கர் தன் உச்சரிப்பு அகராதியில் குறித்து வைத்திருக்கிறார். பிளாக்ஆடரின் மூன்றாவது சீசன் நடப்பது கிட்டத்தட்ட அந்தக் காலத்தில்தான்.

அந்த மூன்றாவது சீசனில் ஒரு காட்சி எனக்கு உறுத்தும். கடைசி எபிசோடில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வருகிறார், ரோஜாச் செடி ஒன்றைக் கல்யாணம் செய்துகொள் என்று சொல்கிறார், அதைக் கனமான ஜெர்மன் ஆக்சென்ட்டில் சொல்கிறார். கெர்டன் க்ளாபர் நடித்த அந்த ஒரு நிமிடம் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றாம் ஜார்ஜ் 1738இல் லண்டனில் பிறந்தவர். முதல் இரண்டு ஜார்ஜ்களும்தான் ஹனோவரில் பிறந்தவர்கள். இவர் அரியணை ஏறியதும், இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன் நான், பிரிட்டன் என்ற பெயரில் பெருமை கொள்கிறேன் என்று நாடாளுமன்றத்தில் சொன்னவர். அந்தப் பெருமையைத்தான் அந்த ஆக்சென்ட் பறித்துவிடுகிறது. மனநோயால் உண்மையில் துன்பப்பட்ட மனிதர் வேறு. நியூயார்க் கோடீஸ்வரரின் 'ர்' பார்வையாளர் வசதிக்காகச் செய்தது, மன்னிக்கலாம். இது ஒரு மனிதரைப் பற்றித் தவறான செய்தியையே சொல்கிறது, அதனால் என்னால் இதை அவ்வளவு சுலபமாக விட முடியவில்லை.

ஆக்சென்ட்டை நிஜத்தின் நகலாக நினைக்காமல் ஒரு கருவியாகவே கையாண்டவர்கள் பிபிசியின் 'அல்லோ அல்லோ' குழுவினர். 1982இலிருந்து 1992வரை ஓடிய தொடர், ஜெர்மானியர் பிடியில் இருக்கும் பிரெஞ்சு ஊரில் ஒரு காபிக்கடை. எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள், ஆனால் பிரெஞ்சு ஆக்சென்ட் என்றால் அது பிரெஞ்சு மொழி, ஜெர்மன் ஆக்சென்ட் என்றால் ஜெர்மன் மொழி. ஒளிந்திருக்கும் இரண்டு பிரிட்டிஷ் விமானிகள் மேல்தட்டு ஆங்கிலத்தில் கத்தினால் கடைக்காரர் ரெனேவுக்கு ஒன்றும் புரியாது. போலீஸ் வேஷத்தில் வரும் ஆங்கிலேய உளவாளிக்குப் பிரெஞ்சு அரைகுறை, அதை எப்படிக் காட்டுவது? உயிரொலிகளைச் சிதைத்துக் காட்டினார்கள். குட் மார்னிங் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் 'மோவ்னிங்' என்பார், முனகல் என்று பொருள்படும் சொல். ஆர்தர் பாஸ்ட்ராம் அதை வருஷக்கணக்காக முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார். மொழிபெயர்ப்பின் சிக்கல் அத்தனையையும் ஓர் உயிரொலியில் அடக்கியது சாதாரண வேலையில்லை.

அப்புறம் வந்தவர்கள் அந்தச் சுதந்திரத்தை இன்னும் நீட்டினார்கள். 2020இல் ஹுலு என்ற ஸ்ட்ரீமிங் தளத்தில் தொடங்கிய 'தி கிரேட்' தொடரில் ரஷ்ய அரசவை முழுக்கப் பிரிட்டிஷ் ஆங்கிலம் பேசுகிறது, அமெரிக்கரான எல் ஃபேனிங்கும் மகாராணி கேத்தரீனாக அதையே பேசுகிறார். உண்மையான கேத்தரீன் பிரஷ்யாவில் பிறந்து 14 வயதில் ரஷ்யாவுக்கு வந்தவர், பிரெஞ்சிலும் சரளமாக எழுதியவர். எந்த ஆக்சென்ட் வைத்தாலும் தப்புதான் என்றாகிவிட்டபின், எல்லோரும் ஒரே ஓசையில் பேசுவதே நேர்மை. அதில் கேத்தரீனின் அம்மாவாக வரும் ஜில்லியன் ஆண்டர்சன் சிகாகோவில் பிறந்து, சிறுவயதை லண்டனில் கழித்து, பிறகு மிச்சிகனுக்குப் போனவர். இரண்டு ஆங்கிலமும் அவருக்குத் தாய்மொழி மாதிரி. கடற்கொள்ளையர் நகைச்சுவைத் தொடரான 'அவர் ஃப்ளாக் மீன்ஸ் டெத்'தில் டைக்கா வைட்டிட்டி பிளாக்பியர்டாகத் தன் நியூசிலாந்துப் பேச்சிலேயே நடித்தார். பிளாக்பியர்ட் செத்தது 1718இல், கேப்டன் குக் நியூசிலாந்தைப் பார்த்ததே 1769இல். யாரும் குறை சொன்னதாக எனக்கு நினைவில்லை. கொள்ளையன் என்றாலே நினைவுக்கு வரும் அந்த 'ஆர்ர்ர்' கூட 1950 டிஸ்னி படத்தில் லாங் ஜான் சில்வராக நடித்த ராபர்ட் நியூட்டன் தன் சொந்த ஊர் டார்செட் பக்கத்துப் பேச்சிலிருந்து எடுத்துக் கொடுத்ததுதான். 'ர்' சாகாமல் தப்பித்த இங்கிலாந்தின் மேற்கு மூலை அது.

இதையெல்லாம் கேட்டபிறகு எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. யாராவது மறுபடி பெர்ட்டியை நியூயார்க்குக்குக் கொண்டுபோனால், இந்த முறை மாளிகையில் விருந்து கொடுக்கும் கோடீஸ்வரர் 'ர்' இல்லாமல், லண்டன் கிளப்பில் பக்கத்து நாற்காலிக்காரர் மாதிரிப் பேசட்டும், பெர்ட்டிக்கும் வீட்டுக்கு வந்துவிட்ட நிம்மதி வரட்டும். விருந்து முடிந்து ஓட்டலுக்குத் திரும்பி லிஃப்டில் ஏறுவான், லிஃப்ட் பையன் "தொய்ட் ஃப்ளோவ" என்பான். பெர்ட்டி சற்றுக் குனிந்து, "மன்னிக்கணும், என்ன சொன்னீங்க?" என்பான். பையன் இன்னும் அழுத்தமாக, இன்னும் தெளிவாக, அதே 'தொய்ட்'டைச் சொல்வான். பின்னால் நிற்கும் ஜீவ்ஸ் மெல்ல ஒரு தடவை இருமுவார், "மூன்றாவது மாடி, சார்."